கே. எஸ். கிருஷ்ணன்

கே. எஸ். கிருஷ்ணன் என அறியப்படும் சர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 - ஜூன் 1961) தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். ஒளிச்சிதறல், மூலக்கூறுகளின் ஒளியியல் பண்புகள், படிகங்களின் காந்தப் பண்புகள், உலோகங்களின் மின்தடை ஆகிய துறைகளில் முதன்மையான ஆய்வுகளைச் செய்தவர். 1928ஆம் ஆண்டு ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது சி. வி. ராமனுடன் இணைந்து அதற்கான சோதனைகளைச் செய்தவர் இவரே. தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகவும் பணியாற்றினார்.

ஓர் ஒளிக்கற்றையைக் கொண்டு மற்றோர் ஒளிக்கற்றையைக் கட்டுப்படுத்தும் துறை, லேசர் கருவி உருவான பின்னர் 1960களில் வளர்ந்தது. அத்துறைக்கு அடிப்படையாக அமைந்த இரு நிகழ்வுகளைப் பற்றி கிருஷ்ணனும் ராமனும் 1927, 1928ஆம் ஆண்டுகளிலேயே ஆராய்ந்திருந்தனர். அவற்றுள் ஒன்று ராமன் விளைவு. மற்றொன்று கெர் விளைவு.

இளமையும் கல்வியும்

கிருஷ்ணன் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பு என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை வேளாண்மையில் ஈடுபட்டிருந்தவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை உடையவர். தமிழ் இலக்கியத்தில் கிருஷ்ணனுக்கு இருந்த ஈடுபாடு இறுதிவரை தொடர்ந்தது. சொந்த ஊரிலும் திருவில்லிபுத்தூரிலும் பள்ளிக் கல்வியை முடித்த அவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். இன்று தாம்பரத்தில் உள்ள கிறித்தவக் கல்லூரி, அந்நாளில் சென்னை ஜார்ஜ் டவுன் பகுதியில் இயங்கி வந்தது. 1937இல்தான் அது தாம்பரத்திற்கு மாறியது.

பட்டம் பெற்ற பின்னர் அதே கல்லூரியில் வேதியியல் துறையில் செய்முறை விளக்குநராகப் பணியில் சேர்ந்தார். மதிய உணவு இடைவேளையில் மாணவர்களுடன் அறிவியல் உரையாடல்களை நடத்துவது அவர் வழக்கம். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய பாடங்களில் எவ்வகை ஐயத்தையும் மாணவர்கள் அங்குக் கேட்கலாம். பாடத்திட்டத்திற்குக் கட்டுப்படாத இக்கூட்டங்களுக்கு நகரின் பிற கல்லூரி மாணவர்களும் வந்தனர்.

கல்கத்தாவில் ஆய்வு

1920ஆம் ஆண்டு கிருஷ்ணன் கல்கத்தா சென்றார். அங்கு சி. வி. ராமன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்துகொண்டே, பவுபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஓர் ஆய்வுக் குழுவை நடத்தி வந்தார். 1923ஆம் ஆண்டின் இறுதியில் கிருஷ்ணன் அக்கழகத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

அவருடைய முதல் பெரும் ஆய்வு திரவங்களில் ஒளி சிதறுவதைப் பற்றியது. அறுபதுக்கும் மேற்பட்ட திரவங்களைத் தூய்மைப்படுத்தி, தூசியின்றிக் கண்ணாடிக் குமிழ்களில் அடைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கிறது என்றும் சிதறிய ஒளி எந்த அளவுக்குத் தளவிளைவு உற்றிருக்கிறது என்றும் அளந்தார். ஒளி அலையின் அதிர்வு ஒரே தளத்தில் அமைவதே தளவிளைவு எனப்படும். இவ்வாய்வின் முடிவுகள் 1925இல் வெளியாயின.

இவ்வளவீடுகளின் வழியாக மூலக்கூறுகளின் வடிவத்தைப் பற்றிய செய்தி கிடைத்தது. ஒளி ஒரு மின்காந்த அலை. அதன் மின்புலம் மூலக்கூறில் உள்ள எலக்ட்ரான்களை அசைக்கிறது. அசையும் எலக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. மூலக்கூறு எல்லாத் திசைகளிலும் ஒரே தன்மை உடையதாயின், செங்குத்துத் திசையில் சிதறும் ஒளி முழுத் தளவிளைவு பெற்றிருக்கும். ஆனால் கார்பன் டை சல்பைடு மூலக்கூறு கோல் போன்றது. பென்சீன் மூலக்கூறு தட்டையானது. இவற்றில் எலக்ட்ரான்கள் சில திசைகளில் எளிதாகவும் பிற திசைகளில் சிரமத்துடனும் அசைகின்றன. இப்பண்பு திசையொவ்வாமை எனப்படும். சிதறிய ஒளியில் தளவிளைவு எந்த அளவுக்குக் குறைந்துள்ளது என்பதைக் கொண்டு மூலக்கூறின் திசையொவ்வாமையைக் கணிக்கலாம்.

கெர் விளைவு பற்றிய ஆய்வு

1875இல் ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜான் கெர் ஒரு நிகழ்வைக் கண்டறிந்தார். கண்ணாடி அல்லது திரவத்தின் மீது வலுவான மின்புலத்தைச் செலுத்தினால், அது ஒரு படிகத்தைப் போல இரட்டை விலகல் தன்மையைப் பெறுகிறது. அதாவது, மின்புலத்திற்கு இணையாக அதிரும் ஒளிக்கு ஓர் ஒளிவிலகல் எண்ணும், செங்குத்தாக அதிரும் ஒளிக்கு வேறோர் ஒளிவிலகல் எண்ணும் அமைகின்றன. இதுவே கெர் விளைவு. மின்புலத்தைக் கொண்டு ஒளியைத் தடுக்கவும் விடவும் இதனால் இயன்றது. இத்தகைய கருவி கெர் கலம் எனப்பட்டது.

ராமனும் கிருஷ்ணனும் 1927இல் வெளியிட்ட ஆய்வுரைகளில் இவ்விளைவுக்கான காரணங்களைப் பிரித்துக் காட்டினர். மின்புலம் இரு வழிகளில் மூலக்கூறைத் திருப்ப முடியும்.

முதலாவது வழி, மூலக்கூறில் நிலையாக அமைந்துள்ள மின் இருமுனை. நைட்ரோபென்சீன் போன்ற மூலக்கூறுகளில் ஒரு முனையில் நேர்மின் தன்மையும் மறுமுனையில் எதிர்மின் தன்மையும் எப்போதும் உள்ளன. காந்த ஊசி காந்தப்புலத்தில் திரும்புவதுபோல இவை மின்புலத்தில் திரும்புகின்றன.

இரண்டாவது வழி, திசையொவ்வாமை. நிலையான இருமுனை இல்லாத கார்பன் டை சல்பைடு மூலக்கூறிலும், மின்புலம் எலக்ட்ரான்களை எளிதாக அசைக்கக்கூடிய நீள்வாக்குத் திசை புலத்தின் பக்கம் திரும்ப முற்படும்.

ஒளிச்சிதறலில் அளந்த திசையொவ்வாமையைக் கொண்டு இரண்டாவது காரணத்தின் பங்கைக் கணிக்க முடிந்தது. எஞ்சியது முதல் காரணத்தின் பங்கு. இவ்வாறு ஒளிச்சிதறலும் கெர் விளைவும் மூலக்கூறின் ஒரே பண்பிலிருந்து தோன்றுபவை என்பது அளவீடுகளின் துணையோடு விளக்கப்பட்டது.

1928 பெப்ரவரி

1923ஆம் ஆண்டிலேயே கழகத்தில் பணியாற்றிய கே. ஆர். ராமநாதன், நீரில் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருவதைக் கவனித்திருந்தார். மாசுகளால் ஏற்படும் உடனொளிர்வாக அது இருக்கலாம் என முதலில் கருதப்பட்டது. நீரைத் திரும்பத் திரும்பத் தூய்மைப்படுத்திய பின்னரும் அது மறையவில்லை. பின்னர் கிருஷ்ணன் தாம் ஆராய்ந்த பல திரவங்களிலும் அதே நிகழ்வைக் கண்டார். 1928 சனவரியில் எஸ். வெங்கடேசுவரன் கிளிசரின் சிதறடித்த ஒளியில் பச்சை நிறம் தோன்றுவதையும், அது தளவிளைவு உற்றிருப்பதையும் கண்டார். உடனொளிர்வில் இத்தகைய வலுவான தளவிளைவை எதிர்பார்க்க இயலாது.

இதன் பின்னர் ராமனும் கிருஷ்ணனும் இச்சிக்கலை முறையாக ஆராயத் தொடங்கினர். சூரிய ஒளியை 7 அங்குலத் தொலைநோக்கி வில்லை ஒன்றின் வழியாகக் குவித்துத் திரவத்தினுள் செலுத்தினர். ஒளி வரும் வழியில் நீல-ஊதா ஒளியை மட்டும் விடும் வடிகட்டி வைக்கப்பட்டது. சிதறும் ஒளியைப் பார்க்கும் வழியில் அந்த நிறத்தை முற்றிலும் தடுத்து, மஞ்சள்-பச்சை நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி வைக்கப்பட்டது. சிதறலின்போது நிறம் மாறாவிட்டால் எதுவும் தெரியக்கூடாது. ஆயினும் ஒளிப்பாதை மங்கலாகத் தெரிந்தது. ஏறத்தாழ அறுபது திரவங்களில் சோதித்தபோதும் ஒன்றிலும் இது தவறவில்லை.

இந்நாட்களின் நிகழ்வுகளைக் கிருஷ்ணன் தம் நாட்குறிப்பில் எழுதி வந்தார். பெப்ரவரி 5 முதல் 28 வரையிலான இக்குறிப்புகளே இக்கண்டுபிடிப்பின் வரலாற்றை எழுதுவோருக்கு முதன்மையான சான்றாக உள்ளன. பெப்ரவரி 7ஆம் நாள் இரவு ராமன் கிருஷ்ணனின் வீட்டிற்கே வந்து, தாங்கள் காண்பது கிராமர்சும் ஐசன்பர்க்கும் கோட்பாட்டளவில் கூறிய விளைவு என்று தெரிவித்ததை இக்குறிப்பு பதிவு செய்கிறது. பெப்ரவரி 27 அன்று வீட்டில் நடந்த சமயச் சடங்கினால் கிருஷ்ணன் கழகத்திற்குச் செல்லவில்லை. மறுநாள் பிற்பகல் சென்றார். அன்று சிதறிய ஒளியை நிறமாலைக்காட்டி வழியாகப் பார்த்தபோது, வந்த ஒளிக்கும் புதிய ஒளிக்கும் இடையே இருண்ட இடைவெளி இருப்பது தெளிவாகத் தெரிந்தது. புதிய ஒளி தனி அலைநீளம் உடையது என்பது இதனால் உறுதியாயிற்று. மறுநாள் இச்செய்தி இதழ்களுக்கு அறிவிக்கப்பட்டது.

ஒளித்துகள் மூலக்கூறுக்கு ஆற்றலில் ஒரு பகுதியைக் கொடுத்து அதனை அதிரச் செய்கிறது. அல்லது அதிரும் மூலக்கூறிடமிருந்து ஆற்றலைப் பெறுகிறது. கொடுத்தால் அலைநீளம் கூடும், பெற்றால் குறையும். சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்றே இவ்வாறு மாறுகிறது. எனவேதான் இது நெடுங்காலம் கண்ணுக்குத் தப்பியது.

பெயரும் பங்களிப்பும்

இக்கண்டுபிடிப்பைப் பற்றிய முதல் குறிப்பு பெப்ரவரி 16 அன்று அனுப்பப்பட்டு, மார்ச் 31, 1928 தேதியிட்ட நேச்சர் இதழில் ராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரிலும் வெளியானது. ஏப்ரல் 21இல் வந்த இரண்டாவது குறிப்பில் ராமனின் பெயர் மட்டும் இருந்தது. மே 5இல் வந்த மூன்றாவது குறிப்பில் மீண்டும் இருவர் பெயரும் இருந்தன. மார்ச் 16 அன்று பெங்களூரில் ராமன் தனியாக ஆற்றிய உரையே கண்டுபிடிப்பின் முழு விளக்கமாக அமைந்தது. அதில் அவர் கிருஷ்ணனின் ஒத்துழைப்பைக் குறிப்பிட்டு நன்றி கூறினார்.

ராமன் விளைவு என்னும் பெயரை இட்டவர் பெர்லினைச் சேர்ந்த இயற்பியலாளர் பீட்டர் பிரிங்சைம். அவ்வாண்டிலேயே அவர் எழுதிய கட்டுரையின் வழியாக அப்பெயர் நிலைத்தது. 1930ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது. பரிசு ஏற்புச் சொற்பொழிவில் ராமன் கிருஷ்ணனின் பெயரைக் குறிப்பிட்டுள்ளார்.

கிருஷ்ணனுக்கு உரிய பங்கு கிடைத்ததா என்பது அறிவியல் வரலாற்றில் தொடர்ந்து விவாதிக்கப்படுவதாகும். ஏழாண்டு காலம் ஒளிச்சிதறல் ஆய்வைத் திட்டமிட்டு வழிநடத்தியவர் ராமன் என்பதும், புதிய ஒளியின் பொருளை முதலில் உணர்ந்தவர் அவரே என்பதும் ஒரு கருத்து. முடிவான வாரங்களில் சோதனைகளைச் செய்தவரும் முதல் அறிவிப்பில் பெயர் பெற்றவரும் கிருஷ்ணன் என்பது மற்றொரு கருத்து. கிருஷ்ணனின் நாட்குறிப்பு இரண்டுக்கும் சான்று தருகிறது: சோதனைகளில் அவருடைய கைவண்ணத்தையும், அவற்றின் பொருளை எடுத்துரைத்த ராமனின் வேகத்தையும் அது ஒருங்கே காட்டுகிறது.

டாக்காவும் படிகக் காந்தவியலும்

1928ஆம் ஆண்டின் இறுதியில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியராகச் சேர்ந்தார். சத்தியேந்திர நாத் போசு அப்போது அங்கு இயற்பியல் பேராசிரியராக இருந்தார். டாக்காவில் கிருஷ்ணன் ஒளியியலிலிருந்து காந்தவியலுக்குத் திரும்பினார். எனினும் அவர் எழுப்பிய கேள்வி பழையதே: மூலக்கூறின் பண்பு திசைக்குத் திசை எவ்வாறு வேறுபடுகிறது?

அவர் வகுத்த முறை எளிமையானது. சிறிய படிகம் ஒன்று மெல்லிய குவார்ட்சு இழையில் தொங்கவிடப்பட்டுச் சீரான காந்தப்புலத்தில் வைக்கப்படுகிறது. காந்த ஏற்புத்திறனில் திசை வேறுபாடு இருப்பின் படிகம் ஒரு குறிப்பிட்ட நிலையில் திரும்பி நிற்கும். இழையின் மேல்முனையை மெல்ல முறுக்கிக்கொண்டே சென்றால், ஒரு கட்டத்தில் படிகம் சட்டெனப் புரளும். அதற்குத் தேவைப்பட்ட முறுக்கின் அளவு திசை வேறுபாட்டைத் தருகிறது. படிகத்தினுள் மூலக்கூறுகள் எப்பக்கம் சாய்ந்துள்ளன என்பதையும் இதனால் கணிக்க இயலும். பென்சீன் வளையம் தட்டையானது என்பதை எக்சு கதிர்களால் நிறுவிய கேத்லீன் லான்சுடேலுடன் இணைந்து 1936இல் இப்பொருள் குறித்த ஆய்வுரையை வெளியிட்டார்.

1933இல் ராமன் பெங்களூர் சென்ற பின்னர், கிருஷ்ணன் கல்கத்தாவிற்குத் திரும்பி இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். 1940இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பிற்காலப் பணிகள்

1942இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். அங்கு ஏ. பி. பாட்டியாவுடன் இணைந்து, உருகிய உலோகங்களின் மின்தடையை அணுக்களின் ஒழுங்கமைவோடு தொடர்புபடுத்தி விளக்கினார்.

தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்திற்கு 1947 சனவரி 4 அன்று சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். கிருஷ்ணன் அதன் முதல் இயக்குநராக நியமிக்கப்பட்டார். ஆய்வுக்கூடம் 1950 சனவரி 21 அன்று திறக்கப்பட்டது. 1948இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஆணையத்திலும் அவர் உறுப்பினராக இருந்தார். நிருவாகப் பொறுப்புகளுக்கு இடையிலும், சூடான பொருள்கள் எலக்ட்ரான்களை வெளியிடுவது போன்ற சிக்கல்களில் தம் ஆய்வைத் தொடர்ந்தார். இயக்குநராகப் பணியில் இருக்கும்போதே 1961 ஜூன் மாதம் தில்லியில் காலமானார்.

ஒளியால் ஒளியைக் கட்டுப்படுத்தல்

கிருஷ்ணன் மறைவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னர், 1960 மே மாதம், அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் ரூபி லேசரை இயக்கினார். சாதாரண ஒளியில் இரு கற்றைகள் ஒன்றையொன்று கடக்கும்போது எவ்வித மாற்றமும் ஏற்படுவதில்லை. லேசரின் செறிவான ஒளி ஒரு பொருளின் பண்பையே மாற்றவல்லது; அவ்வாறு மாறிய பொருளினூடே செல்லும் மற்றோர் ஒளி வேறுவிதமாக நடந்துகொள்ளும். இதனை ஆராயும் துறை நேரியலற்ற ஒளியியல் எனப்படும்.

1962இல் வுட்பரி, இங் ஆகியோர் ரூபி லேசரினுள் நைட்ரோபென்சீன் நிரப்பிய கெர் கலத்தை வைத்திருந்தனர். ரூபியின் 694 நானோமீட்டர் ஒளியுடன், எதிர்பாராத வகையில் 767 நானோமீட்டர் ஒளியும் வலுவாக வெளிவந்தது. நைட்ரோபென்சீன் மூலக்கூறின் அதிர்வுக்கு ஆற்றலை இழந்த ராமன் ஒளியே அது. ஒரு கோடியில் ஒன்றாக நிகழும் சிதறல், செறிவான ஒளியில் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. இது தூண்டிய ராமன் சிதறல் எனப்பட்டது. இதன் வழியாக ஓர் ஒளிக்கற்றை, அலைநீளம் சற்றுக் கூடிய மற்றோர் ஒளிக்கற்றைக்குத் தன் ஆற்றலை அளித்து வலுவூட்டுகிறது. தொலைத்தொடர்பு ஒளியிழைகளில், 1450 நானோமீட்டர் அளவிலான ஒளியைச் செலுத்தி 1550 நானோமீட்டர் அளவிலான சைகைகளைப் பெருக்கும் ராமன் பெருக்கிகள் இவ்வடிப்படையில் இயங்குகின்றன.

கெர் விளைவும் இதேபோல் புதிய பயன் பெற்றது. ஒளிவிலகல் எண்ணில் ஏற்படும் மாற்றம் மின்புலத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. எனவே புலம் திசை மாறினாலும் விளைவு மாறுவதில்லை. ஒளியின் மின்புலம் நொடிக்கு ஏறத்தாழ 500 லட்சம் கோடி முறை அதிர்கிறது. நிலையான இருமுனைகள் இவ்வளவு விரைவான மாற்றத்தைப் பின்தொடர இயலாது. திசையொவ்வாமையால் உண்டாகும் பகுதி மட்டுமே எஞ்சும். 1927இல் ராமனும் கிருஷ்ணனும் தனியே பிரித்துக் காட்டியது இப்பகுதியையே. ஒளியே கெர் விளைவை உண்டாக்கும் என்று 1956இல் பக்கிங்காம் கணித்தார். 1964இல் லேசரின் துணையால் அது சோதனையில் காணப்பட்டது. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தின் டுகே, கான்சன் ஆகியோர் கார்பன் டை சல்பைடு நிரப்பிய கலத்தில் ஒரு லேசர் துடிப்பைக் கொண்டு மற்றோர் ஒளிக்கு வாயில் திறந்து மூடினர். இவ்வாயில் நொடியின் லட்சம் கோடியில் சில பங்கு நேரமே திறந்திருந்தது. மின்சுற்றுகளால் எட்ட முடியாத வேகம் இது.

திண்மப் பொருள்களில் மூலக்கூறுகள் திரும்ப இடமில்லை. அங்கு எலக்ட்ரான் முகில் உருமாறுவதே விளைவைத் தருகிறது. அது இன்னும் விரைவானது. ஆனால் வலுக் குறைந்தது. இக்குறையை ஈடுசெய்ய மென்படலங்கள் பயன்படுகின்றன. ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள படலத்தில் அல்லது அதில் வரைந்த பாதையில் ஒளியை அடைத்தால், குறைந்த ஆற்றலிலேயே மிகுந்த செறிவு கிடைக்கிறது. பாலிடைஅசிட்டிலீன் போன்ற நெடுஞ்சங்கிலிக் கரிமப் பொருள்களில் விளைவு சங்கிலியின் நீள்வாக்கில் மிகுதியாக உள்ளது. ஆகவே படலத்தில் மூலக்கூறுகள் எத்திசையில் அடுக்கப்பட்டுள்ளன என்பது முதன்மையாகிறது. சிலிக்கான் படலத்தில் ராமன் விளைவால் இயங்கும் லேசர் 2004இல் கலிபோர்னியாவில் உருவாக்கப்பட்டது. 2005இல் இன்டெல் நிறுவனம் இடைவிடாது இயங்கும் வகையை அறிவித்தது.

கிருஷ்ணன் தம் அறிவியல் வாழ்வைத் தொடங்கிய சென்னையில், கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகப் படிக வளர்ச்சி மையம் முதலிய நிறுவனங்களில் நேரியலற்ற ஒளியியல் படிகங்கள் பற்றிய ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன.

சிறப்புகள்

1940 - இலண்டன் அரச கழக உறுப்பினர்
1946 - சர் பட்டம்
1949 - இந்திய அறிவியல் மாநாட்டின் தலைவர்
1954 - பத்ம பூஷண் விருது
1958 - சாந்தி சுவரூப் பட்நாகர் விருது. இவ்விருதின் முதல் பெறுநர்

தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் அமைந்துள்ள புது தில்லிச் சாலைக்கு டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் சாலை எனப் பெயரிடப்பட்டுள்ளது. புதிய ஒளி நிறமாலைக்காட்டியில் காணப்பட்ட பெப்ரவரி 28ஆம் நாள் 1987 முதல் இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.